குண்டின் நுனியை அளந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் குறித்துத் தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு இருமுறை படித்தேன். இப்படிப்பட்ட பொருளைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது என்பதால் அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. ஆயினும், தோட்டாவைத் தாமே தயாரித்துக்கொள்ளும் வெளிநாட்டு வீரர்களைப் பற்றிய பத்தியில், தோட்டாவின் மொத்த நீளத்தை ஒரு டிஜிட்டல் காலிப்பரில் அளந்து, கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போனால், குண்டு சரியான ஆழத்தில் அமர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் தவறானது. இறுக்கமாகக் கடையப்பட்ட சேம்பர் (தோட்டா அமரும் அறை) கொண்ட ரைஃபிளாக இருந்தால் அது ஆபத்தானதும்கூட. அதைப் பற்றி மட்டுமே இந்தக் கடிதம்.

நான் துப்பாக்கி வீரன் அல்லன். பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் அளவீட்டு அறையில் 32 ஆண்டுகள் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்லிப் கேஜ், டயல் இண்டிகேட்டர், சர்ஃபேஸ் பிளேட் என்று பழகிய கை இது. என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு நீண்ட தூர இலக்குச் சுடுதலில் நாட்டம் உண்டு. 1907-ஆம் ஆண்டு முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெர்ரி அவர் இருக்கும் மாநிலத்தில்தான் உள்ளது என்பதை அவர் சொல்லாத நாளில்லை. அந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதால், சுட்ட பித்தளை உறைகளை மீண்டும் நிரப்பித் தம் தோட்டாக்களைத் தாமே வீட்டின் நிலவறையில் தயாரித்துக்கொள்கிறார். இரண்டு குளிர்காலங்கள் அங்கே தங்கியிருந்தபோது, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வேறு போக்கிடம் இல்லாத மாமனாராக அந்த மேசையருகே நான் கழித்த மாலைகள் பல. அங்கே நான் நிரப்பவில்லை, சுடவும் இல்லை, அளந்தேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கட்டுரை நெடுகத் தோட்டா, குண்டு என்ற இரண்டும் ஒரே பொருளில் மாறி மாறி வருகின்றன. பித்தளை உறை, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலைவிட்டுப் பறந்து சென்று இலக்கைத் துளைப்பது குண்டு மட்டுமே. உடலில் தோட்டா பாய்ந்தது என்று செய்தியில் எழுதுவது நெடுநாள் வழக்கமாகிவிட்டது, அதோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. ஆனால், குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பேச்சாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், எதன் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும்.

ரைஃபிள் குழலின் பின்முனையில் தோட்டா போய் அமரும் இடம் சேம்பர். சேம்பர் முடிந்து குழல் தொடங்கும் சிறு பகுதியைத் தொண்டை என்பார்கள். தொண்டைக்கு அப்பால், குண்டைச் சுழல வைக்கும் ரைஃப்ளிங் மேடுகளும் பள்ளங்களும் திருகாகச் சுற்றிச் செல்கின்றன. குண்டின் உடல் ஓர் அளவுவரை உருளையாக இருந்து, பிறகு வளைந்து குறுகி நுனியில் முடிகிறது. அந்த வளைவுக்கு ஓஜைவ் என்று பெயர். சுடும்போது உறையை விட்டுக் கிளம்பும் குண்டில் மேடுகள் முதன்முதலில் கவ்வுவது இந்த வளைவின் அடிப்பகுதியில், அதன் விட்டம் மேடுகளுக்கு இடையிலான விட்டத்தோடு பொருந்தும் வட்டத்தில்தான். தோட்டா சேம்பரில் அசையாமல் இருக்கும்போது அந்த வட்டத்துக்கும் மேடுகளுக்கும் நடுவே எவ்வளவு வெளி இருக்கிறது, அதாவது குண்டு எவ்வளவு தூரம் தாவிச் சென்று மேட்டைப் பிடிக்கிறது என்பதே குண்டை இவ்வளவு ஆழத்தில் அமர்த்துகிறோம் என்று சொல்வதன் முழுப் பொருள். நுனி இதில் எங்கும் வரவில்லை. நுனி குழலின் வெற்றிடத்தில் எதையும் தொடாமல் நின்றுகொண்டிருக்கிறது. எதையும் தொடாத ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தொடும் இடத்தின் நிலையைச் சொல்ல முயல்வதைத்தான் கட்டுரை பரிந்துரைக்கிறது.

நுனியாவது ஒரே சீராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போட்டிக் குண்டுகளில் பெரும்பாலானவை நுனியில் சிறு துளை உடையவை; செம்பு உறையை அடியிலிருந்து முன்னோக்கி மடித்து மூடும்போது, அந்தத் துளையின் விளிம்பு பிய்ந்த தாள்போல் ஏறியும் இறங்கியும் நிற்கும். ஒரே பெட்டியிலிருந்து 168 கிரெய்ன் எடையுள்ள பத்துக் குண்டுகளை எடுத்து ஒரு கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்தி வைத்து நான் அளந்து பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை அளந்தபோது, மிக நீண்டதற்கும் மிகக் குட்டையானதற்கும் இடையே 0.31 மி.மீ. வேறுபாடு வந்தது. அதே பத்தையும் அடியிலிருந்து ஓஜைவ் வரை அளந்தபோது வேறுபாடு 0.05 மி.மீ. மட்டுமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. முதல் குண்டில் நுனியை அளந்து காலிப்பரைப் பூட்டிவிட்டு மற்ற ஒன்பதையும் அந்த நீளத்துக்கு அமர்த்தியிருந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் இறங்கியிருக்கும், அளந்தவரோ எல்லாம் ஒன்றே என்று நம்பியிருப்பார்.

அடுத்து, கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண். அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சாமி என்னும் தொழில்துறைத் தரநிர்ணய அமைப்பு ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும், சேம்பருக்கும் வரைபடம் வெளியிடுகிறது. மாப்பிள்ளை பயன்படுத்தும் .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா 1952-இல் சந்தைக்கு வந்தது. அதன் மொத்த நீளம் 71.37 மி.மீ., அங்குலக் கணக்கில் 2.810. இந்த எண் ஓர் உச்சவரம்பு. அந்த வரைபடப்படி கடையப்பட்ட சேம்பரிலும், பொதுவான மேகஸினிலும் தோட்டா தடையின்றிப் புகுந்து வெளியேற வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட எல்லை அது. குறிப்பிட்ட ஒரு குண்டுக்கும் குறிப்பிட்ட ஒரு குழலுக்கும் பொருத்தமான நீளம் இதுதான் என்று அது எங்கும் சொல்லவில்லை. இரண்டு குண்டுகள் எடையில் ஒன்றாக இருந்தும், ஒன்றின் ஓஜைவ் வளைவு மெலிந்து நீண்டும் இன்னொன்றின் வளைவு பருத்தும் இருக்கலாம், இரண்டையும் 71.37-க்கு அமர்த்தினால் ஒன்று மேட்டுக்கு வெகு தூரத்தில் நிற்கும், மற்றொன்று மேட்டில் போய் முட்டும். ரயில் பெட்டியில் நுழையும் உயரம் இதுவென்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதே உயரம் வளர வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை.

மாப்பிள்ளையின் ரைஃபிள் கடையில் வாங்கியபடி இருப்பதல்ல. புதுக் குழல் ஒன்றை வாங்கி, துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் கொடுத்து, இறுக்கமான அளவில் தீட்டிய ரீமர் என்னும் வெட்டுக்கருவி கொண்டு சேம்பர் கடைந்து வாங்கியிருக்கிறார். இந்தப் பழக்கம் பெரும்பாலும் ரைஃபிளை மேசையில் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என்னும் போட்டிப் பிரிவிலிருந்து பரவியது. அந்தப் பிரிவில் 1975-இல் பால்மிசானோ, பின்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பி.பி.சி. தோட்டாவுக்கு, உறை குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதியில் விட்டம் 0.262 அங்குலம், அதாவது 6.65 மி.மீ. மட்டுமே உள்ள சேம்பரைக் கடைவது சர்வசாதாரணம். உறை சேம்பருக்குள் ஆடாமல், குழலின் நடுக்கோட்டோடு ஒன்றி நிற்க வேண்டும் என்பது நோக்கம். மாப்பிள்ளையின் சேம்பரில் கழுத்து விட்டம் 8.59 மி.மீ.; பொதுவான .308 சேம்பரில் இது 8.7-க்குச் சற்று மேலே இருக்கும். குண்டின் விட்டம் 7.82. கடையில் வாங்கும் உறையின் கழுத்துச் சுவர் 0.38 மி.மீ. தடிமன் என்றால் இரு பக்கமும் சேர்த்து, குண்டு செருகிய கழுத்தின் விட்டம் 8.58 ஆகிவிடும். சேம்பருக்கும் அதற்கும் இடையே எஞ்சுவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும். விரிய இடமில்லாவிட்டால் குண்டு கவ்வப்பட்டு அழுத்தம் எகிறிவிடும். ஆகவே அவர் ஒவ்வோர் உறையின் கழுத்தையும் வெளிப்புறமாகக் கடைந்து சுவரை 0.343 மி.மீ.க்குக் குறைத்து, 0.08 மி.மீ. இடைவெளி விட்டுக்கொள்கிறார். கழுத்து கடையாத உறை ஒன்று தவறிக்கூட அந்த மேசையில் கலந்துவிடாதிருக்க, கடைந்தவற்றை நீல மூடியிட்ட பெட்டியில் தனியே வைத்திருப்பார்.

இவ்வளவு கவனமாகக் கழுத்தைக் கையாண்டவர், முதல் மாலையில் நீளத்தை மட்டும் நுனியிலிருந்து அளந்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டபோது, "புத்தகத்தில் இந்த அளவுதானே மாமா போட்டிருக்கிறது?" என்றார். இறுக்கமான ரீமர்களில் தொண்டையும் பல நேரங்களில் குட்டையாகவே தீட்டப்பட்டிருக்கும். அவருடைய சேம்பரில் அந்த 168 கிரெய்ன் குண்டு மேட்டைத் தொடும் நிலையில் மொத்த நீளம் ஏறத்தாழ 70.9 மி.மீ. என்பது பின்னால் தெரிந்தது. கையேட்டின் 71.37-ஐ நம்பி அமர்த்தியிருந்தால், சேம்பரின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடும்போதே குண்டு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் அளவுக்கு மேடுகளுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டிருக்கும். கட்டுரையின் அந்த வாக்கியம் என்னை எழுத வைத்தது இதனால்தான்.

தொடும் நிலையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு போல்ட்டை மூடி, குழலின் முன்வாயிலிருந்து தட்டை முனையுடைய துடைப்புக் கம்பியைச் செலுத்தி, அது போல்ட்டின் முகத்தைத் தொட்டதும் குழல் வாயருகே கம்பியில் குறியிட வேண்டும். பிறகு போல்ட்டைக் கழற்றி, ஒரு தனிக் குண்டைப் பின்னாலிருந்து விட்டு ஒரு குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பி அதன் நுனியைத் தொடும்போது இரண்டாவது குறியிட வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரமே, அந்தக் குண்டு மேட்டைத் தொடும்போது தோட்டாவுக்கு இருக்கும் நீளம். செலவில்லாத முறைதான், ஆனால் பென்சில் கோட்டின் தடிமனே கால் மில்லிமீட்டர் வருவதால் இதை நான் தோராயத்துக்கு மட்டுமே ஒப்புக்கொள்வேன்.

மாப்பிள்ளையிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று இருந்தது. அடியில் துளையிட்டுப் புரி வெட்டிய ஓர் உறையை நீண்ட குழாயின் முனையில் திருகி, அதன் கழுத்தில் தளர்வாகக் குண்டை வைத்துச் சேம்பருக்குள் முழுதாக நுழைத்து, பின்னாலிருந்து ஒரு மெல்லிய தண்டால் குண்டை முன்னே தள்ளுவார்கள். குண்டு மேட்டில் முட்டி நின்றதும் தண்டைப் பூட்டி வெளியே எடுத்து, உறையின் அடியிலிருந்து ஓஜைவ் வரை அளப்பார்கள். ஓஜைவை அளப்பதற்கென்று, துல்லியமான துளையுள்ள சிறிய பித்தளை அல்லது அலுமினியக் கட்டை ஒன்றைக் காலிப்பரின் தாடையில் பூட்டிக்கொள்வார்கள்; குண்டின் வளைவு அந்தத் துளையின் விளிம்பில் போய் உட்காரும். மாப்பிள்ளை பத்து முறை அளந்தார். அவருடைய எண்கள் 0.11 மி.மீ. அளவுக்குச் சிதறின. காரணம் கருவியில் இல்லை. ஒருமுறை தண்டை ஓங்கித் தள்ளியதில் குண்டு மேட்டில் கவ்விக்கொண்டு, உறை மட்டும் கையோடு வந்தது; மறுமுறை பயந்து மெல்லத் தள்ளியதில் குண்டு முட்டவே இல்லை. பாகு காய்ச்சுகிறவர்களுக்குக் கம்பிப் பதம் விரலில் தெரிவதுபோல, அளவீட்டு அறையில் இருந்தவர்களுக்கு இந்தத் தொடுபதம் கையில் தெரியும். குழாயைச் சுண்டுவிரலால் முன்னோக்கித் தாங்கிக்கொண்டு, தண்டை ஆள்காட்டி விரலின் நுனியால் மட்டும் தள்ளி, முட்டியதும் ஒருமுறை இலேசாகத் தட்டிப் பார்த்துப் பூட்டுவது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். அடுத்த பத்து அளவுகள் 0.03 மி.மீ.க்குள் அடங்கின. சராசரி 55.90. இதற்கு முன்பு தொண்டையில் படிந்திருந்த கரியைத் துடைத்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். கரி வளையத்தில் முட்டி நிற்கும் குண்டை மேட்டில் முட்டியதாக எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

ஆனாலும் அந்த 55.90 எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. புரி வெட்டிய அந்த உறை கடையில் வாங்கியது. மாப்பிள்ளையின் சேம்பரில் ஒருமுறையும் வெடிக்காதது. சேம்பரில் சுடப்பட்ட உறை, அழுத்தத்தால் விரிந்து அந்தச் சேம்பரின் வார்ப்பாகவே வெளிவரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, அடியிலிருந்து தோள்வரை, அதாவது உறை கழுத்தாகக் குறுகும் சரிவுவரை, ஒப்பிட்டபோது வாங்கிய உறை 0.10 மி.மீ. குட்டையாக இருந்தது. அதன் தோள் சேம்பரின் தோளில் போய் முட்டும்போது அடிப்பகுதி போல்ட்டின் முகத்தைவிட அந்த அளவுக்கு முன்னே தள்ளி நிற்கிறது. எனவே நாம் பெறும் எண் உண்மையைவிட 0.10 குறைவு. கருவி பொய் சொல்லவில்லை, அது தன் உறையைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. தன் சேம்பரில் சுட்ட உறையையே புரி வெட்டிக்கொள்வதுதான் இதற்கு முறையான தீர்வு. அதற்கு 5/16 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 36 புரி வெட்டும் டேப் வேண்டும். நம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் அந்த அளவு கைக்குக் கிடைப்பது சந்தேகம், அங்கே அவர் தபாலில் தருவித்தார். சுட்ட உறையை லேத்தில் பிடித்து நடுப்புள்ளி பார்த்துத் துளையிட்டுத் தந்தது மட்டும் என் வேலை. புதிய உறையில் சராசரி 56.00 வந்தது.

அது சரிதானா என்று வேறொரு முறையில் பார்க்காமல் எந்த ஆய்வாளனும் கையெழுத்துப் போடமாட்டான். போல்ட்டிலிருந்து அடிமுள் தொகுதியையும், உறையை வெளித்தள்ளும் சுருளையும் கழற்றிவிட்டால், காலிச் சேம்பரில் போல்ட்டின் கைப்பிடி தன் எடையாலேயே கீழே விழும். மருந்தோ பிரைமரோ இல்லாத போலித் தோட்டா ஒன்றில் குண்டைச் சற்று நீளமாகவே அமர்த்தி உள்ளே வைத்து மூடினால், குண்டு மேட்டில் உரசுவதால் கைப்பிடி பாதியில் தயங்கி நிற்கும். குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தில் இறக்கி, ஒவ்வொரு முறையும் மூடிப் பார்க்க, ஒரு கட்டத்தில் கைப்பிடி தயங்காமல் விழுகிறது. அந்தக் கட்டத்தில் அளந்தோம்: 55.98. இரண்டு வேறு முறைகள் 0.02 மி.மீ.க்குள் ஒன்றுபட்டதும்தான் மாப்பிள்ளையின் குறிப்பேட்டில் அந்த எண்ணை எழுதச் சொன்னேன். அதிலிருந்து அரை மில்லிமீட்டர் பின்வாங்கி 55.48-இல் தொடங்குவது என்பது அவருடைய முடிவு. தொடக்கத்துக்கு 0.020 அங்குலத் தாவல் என்பது அவர்களிடையே பரவலான வழக்கமாம்.

இந்த 55.48 என்ற எண்ணை யாரும் வெட்டி எடுத்துத் தன் ரைஃபிளுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஏன் என்றால், அது மாப்பிள்ளையின் காலிப்பரில் பூட்டிய அந்த ஒரு கட்டையின் துளைக்கு மட்டுமே உரிய எண். துளையின் விளிம்பு சற்று மழுங்கியிருந்தாலோ விட்டம் சற்றுக் கூடினாலோ குண்டு வேறிடத்தில் உட்காரும், எண் மாறிவிடும். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. குண்டை உறைக்குள் அமுக்கும் டையின் தண்டு வளைவின் மேற்பகுதியைத் தொடுகிறது. அளக்கும் கட்டை நடுப்பகுதியைத் தொடுகிறது. ரைஃப்ளிங் மேடோ அடிப்பகுதியைத் தொடுகிறது. மூன்று இடங்கள். குண்டுகளின் வளைவு ஒன்றுக்கொன்று மாறினால், டையைத் துளியும் அசைக்காமலே அமர்வு ஆழம் மாறிவரும். நீண்ட கூர்மையான குண்டுகளில் தண்டின் குழி ஆழம் போதாமல் நுனியே தண்டில் இடித்து, மேலே சொன்ன பிய்ந்த நுனியின் கோளாறு முழுவதும் தோட்டாவுக்குள் வந்து சேர்வதையும் பார்த்தேன். நுனியில் மார்க்கர் மை தடவி ஒரு குண்டை அமர்த்திப் பார்த்தால், மை அழிந்திருக்கும் இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

டிஜிட்டல் காலிப்பர் நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டுவதால் அந்த அளவுக்கு அது துல்லியமானது என்று கட்டுரையாளர் எண்ணுகிறார். திரையில் காட்டும் எண்ணும் துல்லியமும் வேறு வேறு. நல்ல நிறுவனத்தின் 150 மி.மீ. காலிப்பருக்கே ஏற்கத்தக்க பிழை கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. ஆகும். அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890-இல் வகுத்த நெறியைக் காலிப்பர் தன் அமைப்பிலேயே மீறுகிறது. தாடையின் நுனியில் கட்டையைப் பூட்டி அழுத்தினால் தாடை சாயும், பிழை கூடும். தட்பவெப்பத்தைப் பற்றி மட்டும் மாப்பிள்ளை தேவையில்லாமல் கவலைப்பட்டார். 10 டிகிரி ஏறினாலும் பித்தளையும் எஃகும் விரிவதிலுள்ள வேறுபாடு இந்த நீளத்தில் ஏறக்குறைய 4 மைக்ரான்தான், விட்டுத்தள்ளலாம். நான் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மாலையும் வேலை தொடங்கும் முன் ஒரு 50 மி.மீ. ஸ்லிப் கேஜை, அதாவது நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையை, அளந்து பார்த்துவிடுங்கள் என்றேன். ஸ்லிப் கேஜ் என்றதும் அவருக்கு அது ஏதோ இயந்திரத் தொழிற்சாலைச் சாமான் என்ற எண்ணம். எங்கள் அறையில் ஜோ பிளாக் என்று அழைத்த அந்த எஃகுக் கட்டைகளே ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் பிறந்தவைதான். சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன், ரைஃபிள் பாகங்களை அளக்க ஆயிரக்கணக்கான தனித்தனிக் கேஜ்கள் வேண்டியிருப்பதைக் கண்டு, சில கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி எந்த அளவையும் உண்டாக்கும் யோசனைக்கு 1896-இல் வந்தார். பெங்களூரின் எத்தனையோ தொழிற்சாலைகள் பிறகு அந்தக் கட்டைகளின் மேல்தான் நின்றன.

குண்டை மேட்டில் நெருக்கி அமர்த்துவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, மாப்பிள்ளையின் கிளப்பில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் தோட்டாவைச் சேம்பரில் ஏற்றியிருந்த வேளையில், சுடுவதை நிறுத்தும்படி களப் பொறுப்பாளர் குரல் கொடுத்தார். உறுப்பினர் விதிப்படி போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே இழுத்தார். உறை மட்டும் வந்தது. குண்டு மேடுகளில் கவ்விக்கொண்டு குழலிலேயே தங்கிவிட, உறையிலிருந்த மருந்து மணல்போல் கொட்டி போல்ட்டின் பள்ளங்களிலும், மேகஸினிலும், ட்ரிக்கர் இடுக்கிலும் நிறைந்தது. முன்வாயிலிருந்து கம்பியை விட்டுத் தட்டிக் குண்டை வெளியேற்றி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து முடிப்பதற்குள் அவருடைய போட்டி நாள் போய்விட்டது. அடைபட்ட குண்டைக் கவனிக்காமல் இன்னொரு தோட்டாவை ஏற்றிச் சுட்டிருந்தால் நாள் மட்டும் போயிருக்காது.

அழுத்தம் பற்றிய பேச்சும் இங்கேதான் வருகிறது. .308 வின்செஸ்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தாவ இடமிருக்கும்போது குண்டு சிறிது வேகம் எடுத்துக்கொண்டு மேட்டை அடைகிறது. மேட்டோடு ஒட்டியே நின்றால் நின்ற நிலையிலிருந்தே மேடுகளால் கீறப்பட்டு உள்ளே போக வேண்டியிருப்பதால், அதே மருந்தளவுக்கு அழுத்தம் முன்கூட்டியே ஏறி உச்சமும் உயர்கிறது. அப்படியானால் ஆழமாக அமர்த்திவிட்டால் பாதுகாப்பு என்று முடிவுகட்டுவதும் தவறு. குண்டு உள்ளே இறங்க இறங்க மருந்துக்கான இடம் சுருங்குகிறது. கைத்துப்பாக்கிகளின் சிறிய உறைகளில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். இரு பக்கமும் எல்லை உண்டு, இரண்டும் அந்தந்தச் சேம்பரை அளந்தால்தான் தெரியும். ஒருமுறை அளந்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்பதும் இல்லை. சூடான வாயு தொண்டையை அரித்துக்கொண்டே இருப்பதால் மேடுகளின் தொடக்கம் மெல்ல மெல்ல முன்னே நகர்கிறது. முதல் குளிர்காலத்தில் 56.00 ஆக இருந்த மாப்பிள்ளையின் எண், நான் இரண்டாம் முறை போனபோது 56.14 ஆகியிருந்தது.

கட்டுரையில் இன்னொரு மயக்கமும் உண்டு. நம் ஒலிம்பிக் வீரர்களும் இப்படித்தான் தங்கள் தோட்டாக்களைப் பதப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற பொருள்படும் ஒரு வரி அதில் இருக்கிறது. 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012-இல் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதில் உறையும் இல்லை, மருந்தும் இல்லை. 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் பயன்படுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. பற்றவைக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால் அந்த உறையை மறுபடி நிரப்புவது நடைமுறையில் இல்லை. அந்தப் பிரிவின் வீரர்கள், தொழிற்சாலையின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைத் தம் ரைஃபிளில் சுட்டுப் பார்த்து, அதற்கு ஒத்துவரும் தொகுதியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மேலும், நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்த ஒரு வரியைக் கட்டுரையில் எங்கும் காணாதது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஞாயிறு இணைப்பைக் கல்லூரி மாணவர்களும் படிக்கிறார்கள்.

தங்கள் அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட இடமிருந்தால், மொத்த நீளத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை நீக்கி, குண்டின் அமர்வு ஆழம் உறையின் அடியிலிருந்து ஓஜைவ் வரை, அந்தந்த ரைஃபிளின் சேம்பரில் சுட்ட உறையைக் கொண்டே அளக்கப்படுகிறது என்று போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் விரும்பினால், மாப்பிள்ளையின் குறிப்பேட்டிலிருந்து நான் படியெடுத்து வந்த நாற்பது அளவுகளையும், அவற்றில் தவறாகப் போன பதினொன்றையும் சேர்த்தே, அவருக்கு அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அளவீட்டு ஆய்வாளர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.